பிரேமிளாக்கா கூட்டிவந்த தூரம்

பிரேமிளாக்கா இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை. விமான நிலையத்தைக்கூட ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். அந்தத் தடவையும் கடுகண்ணாவை மலை வளைவுகளில் இரண்டு பொலித்தீன் பைகளை நிரப்பிக்கொண்டு போனதால், பார்த்தது ஒன்றும் நினைவில் இல்லை என்பார். ஆனாலும் டோஹாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு எவ்வளவு தூரம் என்று எங்கள் தோட்டத்தில் யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் எல்லாரும் கைகாட்டுவது அவரைத்தான். மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சொச்சம். நாலே முக்கால் மணித்தியாலம். காற்று எதிர்த்தால் கொஞ்சம் கூட.

எங்கள் தேயிலைத் தோட்டம் கலஹாவுக்கு மேலே இருக்கிறது. இங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு நூற்றிருபது கிலோமீட்டர். வேனில் போனால் நாலு மணித்தியாலம், மழை என்றால் நாலே முக்கால். ஆகவே மூவாயிரத்து அறுநூறும் நூற்றிருபதும் ஒன்றுதான் என்பது அக்காவின் முடிவு. அந்த ரோட்டில் போய் வந்தவர்கள் யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை.

அவர் பிறந்தது எங்கள் லயத்து வீட்டுவரிசையின் ஏழாவது காம்பராவில். கல்யாணம் கட்டிப் போனது மூன்றாவது காம்பராவுக்கு. "நாலு கதவு தள்ளிப் போனேன் பாரு, அதான் என்னோட வெளிநாட்டுப் பயணம்" என்று சொல்வார். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது. பதினெட்டு வயதில் தோட்டத்தில் பெயர் பதிந்தார். இப்போது நாற்பத்தொன்று. இருபத்து மூன்று வருடமாகக் கொழுந்து பறித்த விரல்களில் ரேகை எது, கறை எது என்று பிரிக்க முடியாது. போன வருடம் ஏதோ வேலையாகக் கைவிரல் அடையாளம் எடுக்கப் போனபோது இயந்திரம் அவரை ஏற்கவில்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்தார்கள். "எனக்கே என்னத் தெரியல, அதுக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கணவர் திலீபன் அண்ணன் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தவர். பத்து வருடத்துக்கு முன்னால் டோஹாவுக்குப் போனார். அங்கே ஹோட்டல்களின் முன்னால் புல் வளர்க்கிற வேலை. இங்கே புல்லைச் சாகடித்தவரைப் பாலைவனத்தில் புல்லைப் பிழைக்கவைக்கக் கூட்டிப் போனார்கள் என்றால், எங்கள் தலைவிதியை எழுதுகிறவருக்கும் கொஞ்சம் குறும்பு இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறை. முதல் தடவை வரும்போது அண்ணன் போனில் வழி சொல்லியிருக்கிறார். ஏறினால் ஒரு மணித்தியாலம் மணல். பிறகு இரண்டேகால், இரண்டரை மணித்தியாலம் வெறும் கடல். அப்புறம் மலையாளக் கரை. அங்கிருந்து ஒரு மணித்தியாலத்தில் கட்டுநாயக்க. அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். விமான நிலையத்துக்குப் போக வேன் பிடித்தால் ஒரு நாள் பேரும் சம்பளமும் போகும், வாந்தி வேறு. அதனால் அவர் மலையிலேயே நின்று கொழுந்து பறித்தபடி அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருவார்.

கூட்டிக்கொண்டு வருவதென்றால் இதுதான். கங்காணியிடம் மணி கேட்பார். "இப்ப ஏறியிருப்பாரு" என்பார். நிரை மாறிப் போகும்போது "மணலத் தாண்டிட்டாரு" என்பார். பக்கத்து நிரையில் நிற்கிற பெண்கள் விட மாட்டார்கள்.

"என்னா பிரேமிளா, மாப்ள எங்க வந்துருக்காரு?"

"கடல்லடி."

"நீச்சலா?"

"உம்புருசன் மாதிரி தண்ணியிலயே கெடக்குறவருன்னா நீந்தலாம். இவரு மேலால வாறாரு."

மத்தியானக் கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு இறங்கும்போது அண்ணன் நடுக்கடலில் இருப்பார். இறங்கி வந்து போன் பேசும்வரை அக்கா வேறெந்தப் பேச்சும் பேச மாட்டார். நான்கு தடவை இப்படியே கூட்டிவந்தார். நான்கு தடவையும் பத்து நிமிடத்துக்கு மேல் பிசகவில்லை.

ஒரு தடவை, மலையில் கொழுந்துச் சாக்குத் தூக்குகிற நான்தான் சும்மா இருக்காமல், விமானம் எங்கே வருகிறது என்று காட்டுகிற ஒன்றைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, பிளேன் திரும்ப டோஹாவுக்கே போகுது" என்று முகத்தை நீட்டிக்கொண்டு சொன்னேன். அவர் கொழுந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாதியில திரும்ப அது என்னா கலஹா பஸ்ஸா? போடா" என்றார். ஓ.எல். பரீட்சையில் கணக்குக்கு டபிள்யூ வாங்கித் தோற்றவன், அக்காவிடம் தூரக் கணக்கில் விளையாடியிருக்கக் கூடாது.

ஐந்தாவது தடவை அண்ணன் வந்தது போன மாசி மாதம். டோஹாவில் காலை எட்டேகாலுக்கு ஏறுகிற விமானம். நம் நேரத்துக்குப் பத்தே முக்கால். அன்றைக்கு அக்கா பதினொரு மணிக்கு "ஏறிட்டாரு" என்றார். பதினொன்றரைக்கு "மணலுக்கு மேல" என்றார். பன்னிரண்டரைக்கு மடுவத்தில் கூடையை இறக்கிவைத்து, "கடலுக்கு வந்துட்டாரு" என்றார். இரண்டேகாலுக்குக் கங்காணியிடம் மணி கேட்டு, "கரை தெரியும் இப்ப" என்றார். மூன்றரைக்கு "எறங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து மார்புக்குள் வைத்துக்கொண்டார்.

விமானம் சரியாக மூன்றரைக்கு இறங்கியது. நானும் போனில் பார்த்தேன். அழைப்பு நாலேகாலுக்கு வந்தது, தெரியாத இலக்கத்திலிருந்து. பேசியவர் சிங்களத்தில் பேசினார். அக்காவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் விளங்கவில்லை என்று போனைச் சங்கத்துத் தோட்டத் தலைவர் திவாகரன் அண்ணனிடம் நீட்டினார்.

மாரடைப்பு. விமானத்துக்குள்ளேயே.

உடல் வீட்டுக்கு வர இரண்டு நாள் ஆனது. மூன்றாவது காம்பராவின் நடுவில் கிடத்தினார்கள். மறுநாள் அடக்கம். அதுவரைக்கும் ஒருவரும் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசியது அடக்கத்துக்கு அடுத்த நாள் காலையில், முன்வாசல் இஸ்தோப்பில். கோயில் பூசாரி பொன்னையா பஞ்சாங்கத்தோடு வந்திருந்தார்.

சில நட்சத்திரத்தில் உயிர் போனால் வீட்டுக்கு அடைப்பு உண்டு என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கிடத்திய அறையைப் பூட்டிவிட வேண்டும். உள்ளே யாரும் புழங்கக் கூடாது. சாயங்காலம் வாசலில் விளக்கு மட்டும். அவிட்டம் என்றால் ஆறு மாதம். நாலு அறை, ஐந்து அறை என்று இருக்கிறவர்களுக்கு இது ஒரு அறைக் கதை. முன்னால் இஸ்தோப்பு, நடுவில் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரே காம்பரா, பின்னால் ஒரு அடுப்படி என்று இருக்கிறவர்களுக்கு அது வீட்டுக் கதை. அக்காவின் மகள் நிஷாந்தினிக்கு நான்கு மாதத்தில் உயர்தரப் பரீட்சை. லயத்திலேயே உயர்தரம் படிக்கிற ஒரே ஆள். அவளுடைய மேசை, அந்தக் காம்பராவின் ஜன்னலடியில் இருந்தது.

பொன்னையா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். "அன்னைக்கு மத்தியானம் ரெண்டு பத்து வரைக்கும் திருவோணம். அதுக்கு அடைப்பு கெடையாது. ரெண்டு பத்துக்கு மேல அவிட்டம்" என்றார். பிறகு யாருடைய முகத்தையும் பார்க்காமல், "எத்தன மணிக்குன்னு ஏதும் எழுதிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

கொடுத்திருந்தார்கள். விமானத்தில் எழுதிய தாள் ஒன்று, மற்றத் தாள்களோடு வந்திருந்தது. அதில் நேரம் ஒன்பது மணி இரண்டு நிமிடம் என்று இருந்தது. எந்த ஊர் ஒன்பது மணி என்று இல்லை.

"நம்ம நேரம் ஒம்பது ரெண்டுன்னா மனுசன் பிளேன்லயே ஏறல" என்றார் திவாகரன் அண்ணன். "அப்ப அது டோஹா நேரம். ரெண்டரை மணித்தியாலம் கூட்டுங்க."

கூட்டினார்கள். பதினொன்று முப்பத்திரண்டு.

"திருவோணம்" என்றார் பொன்னையா. பஞ்சாங்கத்தை மூடிய வேகத்தில் அதற்குள்ளிருந்து விபூதி பறந்தது. இஸ்தோப்பில் இருந்தவர்கள் எல்லாருக்கும் மூச்சு வந்தது. யாரோ டீ கேட்டார்கள்.

எனக்கு மட்டும் டீ இறங்கவில்லை. முந்தின நாளே தாளைப் பார்த்துவிட்டு நான் போனில் தேடியிருந்தேன். விமானத்தில் எழுதுகிற நேரம் எல்லாவற்றுக்கும் லண்டன் மணிதான் கணக்கு. அப்படியானால் ஐந்தரை கூட்ட வேண்டும். இரண்டு முப்பத்திரண்டு. அவிட்டம் பிறந்து இருபத்திரண்டு நிமிடம். எனக்குப் பொய் புதிதல்ல. பெரிய துரையின் குரலில் பேசிக் கங்காணியை மலை உச்சிவரை ஓடவிட்டவன் நான். வாயை மூடிக்கொண்டு சொன்ன பொய் அதுதான் முதல். சொல்லவும் லேசாகத்தான் இருந்தது.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "பதினொன்னரையா?" என்று ஒரு தடவை கேட்டார். "ஆமாம்மா, கவலப்படாத, அடைப்பு இல்ல" என்றார் பொன்னையா. அவர் கேட்டது அதையல்ல என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் ஆறுதல் சொல்ல வந்த பெண்களிடம் அக்கா ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கு நான் எந்த நிரையில் நின்றேன். ஒருத்தி பாறைக்கு அந்தப் பக்கம் என்றாள். இன்னொருத்தி, இல்லை, தண்ணீர்க் கானைத் தாண்டிவிட்டோம் என்றாள்.

"அப்ப நான் என்னா சொல்லிகிட்டு இருந்தேன்?"

"மணலுக்கு மேலன்னு சொன்ன பிரேமிளா."

"அதுக்கப்புறம்?"

"கடலுன்னு சொன்ன. கரைன்னு சொன்ன. எறங்கிட்டாருன்னு சொன்ன. போதும், விடு."

அவர் விடவில்லை. சோறு போட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நிஷாந்தினி ஊட்டிவிட்டால் சாப்பிடுவார். அழவும் இல்லை. அழுதிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கையில் ஒரு பிஸ்கட் பெட்டியோடு ஒரு ஆள் லயத்துக்கு ஏறி வந்தார். முப்பது வயது இருக்கும். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார்.

"நான் ரிஸ்மி, பிலிமத்தலாவ. அண்ணனும் நானும் ஒரே பிளேன்ல வந்த. பக்கத்து சீட்" என்றார். "முந்தியே வரணும். எனக்கு வீடு தெரியாதீந்த, அக்கா. விசாரிச்சு விசாரிச்சுத்தான் வந்த. மன்னிச்சுக்கோங்க."

அக்கா கதிரையைக் காட்டினார். திவாகரன் அண்ணனும் பொன்னையாவும் கருமாதி விசயமாக அங்கேதான் இருந்தார்கள். நான் வாசற்படியில். நிஷாந்தினி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைக்கதவோடு நின்றாள்.

"என்ட பக்கத்துல ஜன்னலோரம் அவரு" என்று ரிஸ்மி தொடங்கினார். "ஏறின நேரத்துல இருந்து நல்ல கத. மகள் டாக்டராகுவாண்டு சென்ன. பொறகு சாப்பாடு வந்த, சோறும் கோழியும். முழுசாச் சாப்பிட்ட. என்ட பன்னையும் எடுத்துட்டு, 'நீங்க சாப்புட மாட்டீங்கதானே'ண்டு கேட்ட. எடுத்துட்டுத்தான் கேட்ட."

அக்காவின் வாய் ஓரம் அசைந்தது. பன்னிரண்டு நாளில் முதல் தடவை. "அது அவருதான்" என்றார்.

சாப்பாடு என்ற சொல்லிலேயே திவாகரன் அண்ணனுக்கு, பதினொன்றரைக் கணக்கு உடையப் போவது விளங்கிவிட்டது. "தம்பி, டீயக் குடிங்க, ஆறிடும்" என்றார்.

"குடிக்கிறன். சாப்பிட்டுப் படம் ஒண்டு பாத்த. பாதியில நித்திர. பொறகு எழும்பி..."

"பிஸ்கட் எடுங்க தம்பி."

"நான் கொண்டுவந்த பிஸ்கட்டு அது, நீங்க சாப்புடுங்க."

"சொல்ல விடுங்க அண்ணே" என்றார் அக்கா.

திவாகரன் அண்ணன் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பொறகு எழும்பி ஜன்னலால பாத்த. என்னத் தட்டி, 'அந்தா பாருங்க, மலையாளக் கரை. இனி ஒரு மணித்தியாலந்தான்'ண்டு சென்ன. நானும் எட்டிப் பாத்த. அதுக்குப் பொறகுதான் நெஞ்சுக்குள்ள காத்து அடைக்கிற மாதிரி ஈக்கிண்டு சென்ன. சோடா கேட்ட. சோடா வாற முந்தி தலைய என்ட தோள்ல வெச்ச. நான் நித்திரண்டு நெனச்ச, அக்கா. அல்லாட மேல ஆணையா, நித்திரண்டுதான் நெனச்ச."

கீழே கிடத்தி நெஞ்சை அமத்தினார்கள், விமானத்தில் ஒரு டாக்டர் இருந்தார், அவரும் பார்த்தார், அவர் கையை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள் என்று கீழே பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

அக்கா அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "சாப்பாடு எத்தன மணிக்குத் தம்பி குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"ஏறி ஒரு மணித்தியாலத்துக்குப் பொறகு."

"பதினொன்னரைக்கு?"

"பதினொன்னரைக்கு எங்களுக்குச் சாப்பாடே வரல்ல அக்கா. நான் ஏறினதும் மணிக்கூட்ட நம்மட நேரத்துக்கு மாத்தின. பன்னெண்டுக்குத்தான் வந்த."

ரிஸ்மிக்கு அடைப்பும் தெரியாது, திருவோணமும் தெரியாது. எல்லாரும் ஏன் பொன்னையாவைப் பார்க்கிறார்கள் என்று விளங்காமல் அவர் டீயை ஒரே மூச்சில் குடித்தார். அக்கா எழுந்து போய், அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒங்க தோள்லயா தம்பி சாஞ்சாரு?" என்று மறுபடியும் கேட்டார். "ஓம் அக்கா" என்றார் ரிஸ்மி. பஸ் தவறிவிடும் என்று சொல்லும்வரை அந்தக் கையை விடவில்லை.

அவர் இறங்கிப் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பிளேன்ல எந்த ஊரு மணியில எழுதுவாங்க?"

"லண்டன் மணி, அக்கா."

"அதுக்கு எவ்வளவு கூட்டணும்?"

"அஞ்சரை."

அவர் விரலை மடக்கினார். பேனா பிடித்ததைவிடக் கொழுந்து கிள்ளியது அதிகமான விரல்கள். கணக்குப் பிசகவில்லை. "ரெண்டு முப்பத்திரண்டு" என்றார். "ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"காம்பராவ அடைக்கணுமே."

ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

பொன்னையா தொண்டையைச் செருமினார். "இந்தா பாரு பிரேமிளா. நாங்க ஒரு மணியப் பாத்து முடிவு கட்டியாச்சு. தாள்ல ஒம்பது ரெண்டுன்னுதான் இருக்கு. டோஹாவா, லண்டனான்னு சாமி வந்து கேக்கப் போறதில்ல. இனி யாரும் பேச வேணாம்."

"அதுவும் அவரு வீட்டுலயா செத்தாரு?" என்று திவாகரன் அண்ணன் கூடவே பிடித்தார். "அடைக்கிறதுன்னா பிளேனத்தான் அடைக்கணும். ஆறு மாசம் கட்டுநாயக்கல பூட்டிப் போட்டு றெக்கையில வெளக்கு வைக்கட்டும். வீடு பூட்டிக் கெடந்தா தொரைக்கு நான் என்னா பதில் சொல்றது? ஆளில்லாத வீடுன்னு வேற யாருக்காவது குடுத்துட்டாருன்னா?"

"பின்கதவால நாங்க அடுப்படியில இருப்போம் அண்ணே. ஆளில்லாம இல்ல."

"மழைக் காலம் வருது பிரேமிளா."

"வரட்டும்."

நிஷாந்தினி நிலைக்கதவை விட்டு முன்னால் வந்தாள். அவளுக்கு அப்பாவின் நீண்ட முகம். கோபம் வந்தால் இன்னும் நீளும். "பரீட்சைக்கு நாலு மாசங்கூட இல்ல. நான் எங்கம்மா படிக்கிறது?"

"அடுப்படியில."

"அந்தப் புகையிலயா?"

"ஆமா."

"அப்பா எங்க செத்தாலும் செத்தவருதானேம்மா. மணலுக்கு மேல செத்தா என்னா, மலையாளத்துக்கு மேல செத்தா என்னா?"

"செத்தது ஒண்ணுதான்" என்றார் அக்கா. "எங்க வரைக்கும் உசுரோட வந்தாருன்னு ஒண்ணு இருக்குல்ல."

அதற்குப் பிறகு அவர் பேசியதுதான், நான் அறிந்து அவர் ஒரே மூச்சில் பேசிய பெரிய பேச்சு. குரலை உயர்த்தவில்லை. பொன்னையாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அன்னைக்கு நான் அவரக் கூட்டிகிட்டு வந்தேங்க. மணலுக்கு மேல கூட்டிகிட்டு வந்தேன், கடலுக்கு மேல கூட்டிகிட்டு வந்தேன். நீங்க பதினொன்னரைன்னு சொன்ன நாள்ல இருந்து, நாலு மணித்தியாலமா ஒரு பொணத்தக் கூட்டிகிட்டு வந்து இவளுகளோட சிரிச்சுகிட்டு நின்னிருக்கேன்னு நெனச்சு நெனச்சு எனக்குச் சோறு எறங்கல. அப்படி இல்லன்னு அந்தத் தம்பி ஏறி வந்து சொல்லிட்டுப் போயிருக்கு. நான் கடலுன்னு சொன்னப்ப அவரு கடல்லதான் இருந்திருக்காரு. கரைன்னு சொன்னப்ப அவரும் கரைன்னு சொல்லியிருக்காரு. மூவாயிரம் கிலோமீட்டர் உசுரோட வந்திருக்காரு. ஆறு மாசத்துக்கு ஒரு காம்பராவுக்காக அத ஐந்நூறாக் கொறைச்சு எழுதச் சொல்றீங்களா? வந்த தூரத்தக் கொறைக்காதீங்க."

பொன்னையா பஞ்சாங்கத்தை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். "ஒன் இஷ்டம்மா" என்றார். திவாகரன் அண்ணன் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார், சாப்பிடவில்லை.

நிஷாந்தினி இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் என்னை மறித்தாள். பொதுவாக அவள் என்னோடு பேசுவதில்லை. அவளுடைய உயிரியல் புத்தகத்துக்குள் நான் ஒரு முறை உயிருள்ள அட்டை ஒன்றை வைத்திருந்தேன்.

"அந்த பிளேன் போன வழிய ஒன் போன்ல காட்ட முடியுமா?"

முடிந்தது. பழைய பயணங்களையும் அது சில நாட்கள் வைத்திருக்கும். ஒரு கோடு டோஹாவில் புறப்பட்டுக் கடலைச் சாய்வாக வெட்டிக்கொண்டு வந்தது. கோட்டைத் தொட்டால் நேரம் காட்டும். லண்டன் மணியில்தான் காட்டும். ஒன்பது மணி இரண்டு நிமிடத்தில் விரலை வைத்துக் கொடுத்தேன். மலையாளக் கரையைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே, மலைகள் பச்சையாகத் தெரிகிற இடம்.

"இங்கயா?"

"இங்க."

"இங்கருந்து நமக்கு எவ்வளவு?"

"அறுநூறு இருக்கும். ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கொறைய."

பேராதனையிலிருந்து வந்த பஸ் எங்களைத் தாண்டிப் போய் வளைவில் ஹோர்ன் அடித்தது. அவள் தலையைத் தூக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், மறுபடி பெரிதாக்கினாள். மலை இடுக்கில் ஒரு ஆறு தெரிந்தது. அதன் பெயர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வேறு நாளென்றால் ஏதாவது ஒரு பெயரைக் கட்டிவிட்டிருப்பேன். "தெரியல" என்றேன். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது திரை நனைந்திருந்தது. மழை இல்லை. நான் கால்சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கருமாதி அன்று காலை பொன்னையா தர்ப்பையும் எள்ளுமாக உட்கார்ந்தார். பெயர் கேட்டார், சொன்னார்கள். நட்சத்திரம் என்று கேட்டுவிட்டுத் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். இன்னும் மாற்றலாம் என்பது போலத்தான் அந்தப் பார்வை இருந்தது.

"அவிட்டம்" என்றார் அக்கா, எல்லாருக்கும் கேட்க.

காரியம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் சாமான்களை எடுத்தோம். கட்டில் அடுப்படிக்குள் போகவில்லை. அதைக் கழற்றிப் பலகையை மட்டும் கொண்டுபோனோம். அலுமாரி அடுப்படியின் எந்தக் கதவாலும் போகாது என்று திவாகரன் அண்ணன் அளந்து பார்த்துச் சொன்னார். உடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அதை அங்கேயே விட்டோம். மேசையைத் தூக்கப் போனபோது, "நான் பாத்துக்குறேன்" என்று நிஷாந்தினி எங்களைத் தள்ளிவிட்டாள். தனியாகவே இழுத்து, சுற்றிப் பின்கதவு வழியாகக் கொண்டுபோனாள். கால் ஒன்று நிலையில் இடித்துக் கொஞ்சம் பெயர்ந்தது.

அக்கா காம்பராவைக் கூட்டினார். மூலையிலிருந்து வாசலுக்கு, ஒரு கோடு விடாமல். கூட்டி முடித்து விளக்குமாற்றோடு வெளியே வந்து நின்றார். பூட்டு அவர் கையில் இருந்தது. கொண்டியில் மாட்டப் போய் இரண்டு தடவை தவறியது.

நிஷாந்தினி பின்னாலிருந்து வந்து பூட்டை வாங்கினாள். மாட்டினாள். அழுத்தினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். திறப்பை அம்மாவின் முந்தானை நுனியில் முடிந்துவிட்டு அடுப்படிக்குப் போய், புகைந்துகொண்டிருந்த அடுப்புக்கு மூன்றடி தள்ளி மேசையைப் போட்டுப் புத்தகத்தை விரித்தாள்.